கடைசிக் கல் கிளம்பும் முன்பே: ஜெனிஃபர் ஜோன்ஸின் கர்லிங்கை எப்படி ரசிப்பது?

கர்லிங் ஆட்டத்தை முதல்முறை பார்ப்பவர்களின் கண் கல்லோடுதான் ஓடும். ஒருவர் ஐஸ் தரையில் சறுக்கியபடியே கல்லை விடுகிறார், இருவர் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே கூட ஓடுகிறார்கள், கல் எங்கோ போய் நிற்கிறது. பத்து நிமிடத்தில் கொட்டாவி வந்துவிடும். கல்லைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். எதிர்முனையில், வட்டங்களின் நடுவே துடைப்பத்தை நீட்டிக் குறி காட்டிக்கொண்டு நிற்கும் ஸ்கிப்பைப் பாருங்கள். அணித்தலைவர் அவர்தான். கல் எங்கே வர வேண்டும், எவ்வளவு வேகத்தில், எந்தப் பக்கம் சுழன்று வர வேண்டும் என்பதெல்லாம் அவருடைய முடிவு.

அப்படிப் பார்க்கப் பழகுவதற்குக் கனடாவின் ஜெனிஃபர் ஜோன்ஸைவிடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. 1974இல் பிறந்த வினிபெக்காரர், தொழிலால் வழக்கறிஞர். கனடாவின் தேசிய மகளிர் போட்டியான ஸ்காட்டிஸை 2005, 2008, 2009, 2010, 2015, 2018 என ஆறு முறை வென்றார். 2008இலும் 2018இலும் உலகப் பட்டம், 2014இல் ஒலிம்பிக் தங்கம். ஆனால் பட்டங்களை எண்ணினால் ஜோன்ஸ் புரியமாட்டார். அவரிடம் ரசிக்க வேண்டியது, கடைசிக் கல்லுக்காக மற்ற கற்களை அவர் எப்படிச் செலவழிக்கிறார் என்பதுதான்.

இதற்குச் சில விதிகள் தெரிந்தால் போதும். அணிக்கு நான்கு பேர், ஆளுக்கு இரண்டு கல். இரு அணிகளும் மாறி மாறி 16 கற்களையும் விட்டு முடித்தால் ஒரு எண்ட். அப்படிப் பத்து எண்ட் சேர்ந்தது ஓர் ஆட்டம். ஒரு எண்டில் ஓர் அணிக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும்: யாருடைய கல் மையத்துக்கு மிக அருகில் நிற்கிறதோ அவர்களுக்கு. எதிரணியின் சிறந்த கல்லைவிட நெருக்கமாக எத்தனை கற்கள் இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. ஆகவே கடைசிக் கல்லை விடும் உரிமைதான் பெரிய சொத்து. அதை ஹேமர் என்பார்கள். புள்ளி எடுத்த அணி அடுத்த எண்டில் ஹேமரை எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டும். யாருமே புள்ளி எடுக்காவிட்டால் ஹேமர் கைமாறாது.

இதிலிருந்துதான் எல்லாச் சூட்சுமமும் பிறக்கிறது. ஹேமரை வைத்துக்கொண்டு ஒரே ஒரு புள்ளி எடுப்பது நல்ல அணிக்கு ஏமாற்றம். இரண்டு எடுக்கப் பார்ப்பார்கள். முடியாது என்று தெரிந்தால், கையில் இருக்கும் கல்லால் எதிரணியின் கல்லை அடித்துவிட்டுத் தன் கல்லும் வெளியே போகும்படி விட்டு, வேண்டுமென்றே பூஜ்யத்தோடு எண்டை முடிப்பார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அது வீணான கல்லாகத் தோன்றும். ஜோன்ஸ் அப்படி ஒரு கல்லை வெளியே அனுப்பும்போது நீங்கள் தலையாட்டினால், ஆட்டம் உங்களுக்குப் பிடிபட்டுவிட்டது என்று பொருள்.

இப்போது 2005 ஸ்காட்டிஸ் இறுதியாட்டத்துக்கு வரலாம். இடம் நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ். ஜோன்ஸின் மானிடோபா மாகாண அணி, ஜென் ஹானாவின் ஒன்டாரியோ மாகாண அணியிடம் 4-6 என்று பின்தங்கியிருக்கிறது. பத்தாவது எண்ட், கையில் கடைசிக் கல். வட்டத்தின் மையமான பட்டனில் ஒன்டாரியோவின் கல் உட்கார்ந்திருக்கிறது. நேராகப் போய் அதை அடிக்க வழியில்லை. ஆனால் வட்டங்களுக்கு வெளியே, ஒரு பக்கமாக, ஒன்டாரியோவின் வேறொரு கல் ஒதுங்கி நிற்கிறது. ஜோன்ஸ் அந்தக் கல்லைக் குறிவைத்தார். கேரம் ஆடியவர்களுக்கு உடனே புரியும்: ஓரத்துக் காயில் பட்டுத் திரும்பும் ஸ்ட்ரைக்கரால் நடுக்காயைத் தள்ளுவது போன்ற கணக்கு. ஆனால் இங்கே தள்ளுவது ஏறத்தாழ 20 கிலோ எடையுள்ள கிரானைட், தூரம் 40 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. கல் போய் வெளிக்கல்லில் பட்டது, உள்ளே திரும்பியது, பட்டனில் இருந்ததை வெளியேற்றியது. மானிடோபாவின் நான்கு கற்கள் ஒரே வீச்சில் புள்ளியாகி, 8-6 என்று பட்டம் கிடைத்தது. கனடாவில் இதற்கு ‘அந்த அடி’ என்றே பெயராகிவிட்டது.

அடியை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்த நான்கு புள்ளிகளுக்கான மற்ற கற்கள். ஜோன்ஸ் கடைசியாகக் குனியும்போது மானிடோபாவின் கற்கள் ஏற்கெனவே வட்டத்துக்குள் காத்துக்கொண்டிருந்தன. வெறும் அதிர்ஷ்டத்தால் ஒரு கல்லை வெளியேற்றலாம். நான்கு புள்ளி எடுக்க முடியாது.

அடுத்து, காதால் ரசியுங்கள். கர்லிங் ஒளிபரப்பில் வீராங்கனைகள் மைக் அணிந்திருப்பார்கள். அவர்கள் பேசிக்கொள்ளும் ஒவ்வொரு ஆலோசனையும் நமக்குக் கேட்கும். வேறெந்த விளையாட்டு இவ்வளவு தாராளமாகத் தன் யோசனையைத் திறந்து காட்டுகிறது? ஐஸ் தரைமேல் நீர்த்துளிகளைத் தெளித்து உறையவைத்து, பொடிப்பொடி மேடுகளாக்கி வைத்திருப்பார்கள். தேய்க்கும்போது மேற்பரப்பு லேசாகச் சூடேறும், உராய்வு குறையும், கல் இன்னும் தூரம் போகும், வளைவதும் குறையும். கையை விட்டுப் போன கல்லையும் திருத்தலாம் என்பது இந்த ஆட்டத்தின் அழகு. ஜோன்ஸ் எதிர்முனையிலிருந்து “ஹரி ஹார்ட்!” (வேகமாகத் தேயுங்கள்) என்று கத்துவது பதற்றத்தால் அல்ல. கல் அதிகமாக வளைகிறது, அல்லது வேகம் போதவில்லை என்று அவர் கண்டுவிட்டார். குரல் நின்றால் தேய்ப்பதும் நிற்கும், கல் வளையட்டும் என்று விட்டுவிட்டார். இதைக் கேட்டுக்கொண்டே கல்லைப் பார்த்தால், அது எங்கே நிற்கப்போகிறது என்பதை நீங்களும் ஊகிக்கத் தொடங்கிவிடுவீர்கள்.

அந்தக் குரலுக்கு ஓடியவர்களில் முக்கியமானவர் ஜில் ஆஃபீசர். 1994இல் கனடாவின் ஜூனியர் பட்டத்தை ஜோன்ஸோடு சேர்ந்து வென்றவர், 2014 ஒலிம்பிக்கிலும் அவரோடு நின்றார்.

அந்த 2014 சோச்சி ஒலிம்பிக்தான், என் கணிப்பில், ஜோன்ஸின் சிகரம். ஜோன்ஸ், கெய்ட்லின் லாஸ், ஜில் ஆஃபீசர், டான் மெக்யூவன் நால்வரும் 11 ஆட்டங்களில் ஒன்றைக்கூட இழக்கவில்லை. ஒலிம்பிக் மகளிர் கர்லிங்கில் தோல்வியே காணாமல் தங்கம் வென்ற முதல் அணி அது. சுவீடனுக்கு எதிரான இறுதியாட்டத்தில் ஒன்பதாவது எண்டைத் தவறவிடாதீர்கள். ஹேமர் சுவீடனிடம். அந்த அணியில் ஸ்கிப் மார்கரேத்தா சிக்ஃப்ரிட்சன் முதல் கற்களை விடுவார், கடைசிக் கற்கள் மரியா பிரிட்ஸுக்கு. ஸ்கிப்பே கடைசியில் விடும் வழக்கத்துக்கு மாறான ஏற்பாடு இது. கனடா சுலபமான கணக்கு எதையும் விட்டுவைக்காமல் நெருக்கியது. பிரிட்ஸின் கடைசிக் கல் தவற, இரண்டு புள்ளிகளைக் கனடா ஹேமர் இல்லாமலே திருடிக்கொண்டது. 6-3. 2005இல் ஜோன்ஸ் ஓர் அற்புதத்தை நிகழ்த்த வேண்டியிருந்தது. சோச்சியில் அற்புதம் நிகழ்த்த வேண்டிய நெருக்கடியை எதிரணிமீது வைத்தார். இரண்டாவதுதான் கடினமான கலை.

இத்தனைக்கும் 2012இல் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, அதே ஆண்டு நவம்பரில் முதல் குழந்தை. பதினைந்து மாதம் கழித்து ஒலிம்பிக் மேடை.

தோல்விகளையும் பாருங்கள், அவற்றில் நுணுக்கம் அதிகம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜோன்ஸின் கனடா, பிரிட்டன், ஜப்பான் மூன்றும் 5 வெற்றி 4 தோல்வி என்று சமமாக நின்றன. அரையிறுதியில் மீதமிருந்தது இரண்டு இடம். ஒருவருக்கொருவர் ஆடிய ஆட்டங்களும் சமன். அப்போது எதைப் பார்ப்பார்கள் தெரியுமா? ஒவ்வோர் ஆட்டத்துக்கும் முன்னால், முதல் எண்டின் ஹேமர் யாருக்கு என்று முடிவுசெய்ய மையத்தை நோக்கி விடும் கற்களின் சராசரித் தூரத்தை. அதில் கனடா வெளியேறியது. டிவியில் காட்டாமல் தாண்டிப்போகும் அந்தக் கற்களுக்குக்கூட இந்த ஆட்டத்தில் கணக்கு உண்டு.

கடைசியாக 2024, கால்கரி. தன்னைவிட இருபது வயதுக்கும் மேல் இளையவர்களை வைத்துக்கொண்டு, 49 வயதில், ஸ்காட்டிஸ் இறுதிவரை வந்தார். அதில் ரேச்சல் ஹோமனிடம் தோற்றார்; அந்தப் பருவத்தோடு நால்வர் ஆட்டத்திலிருந்து விடைபெற்றார்.

எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், சோச்சியிலிருந்து தொடங்கச் சொல்வேன். அந்த இறுதியாட்டத்தைச் சுருக்கமாக வெட்டிய துண்டுகளில் பார்க்காதீர்கள், பத்து எண்டையும் பாருங்கள். ஒவ்வோர் எண்டின் தொடக்கத்திலும் ஹேமர் யாரிடம் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நான்காவது எண்ட் வருவதற்குள், ஜோன்ஸ் அடுத்து எந்தக் கல்லைக் கேட்கப்போகிறார் என்று நீங்களே சொல்ல முயற்சி செய்யுங்கள். 2005இன் அந்த அடியை அதற்குப் பிறகு பாருங்கள்.