வாயிலில் நிற்பவர்கள்

சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்தும்போதெல்லாம் பாண்டியனின் மரணத்தையே நீதி என்று சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறேன். இப்போது என் கண் வாயில்காவலன் மேல் போகிறது. ஒற்றைச் சிலம்போடு, விரித்த கூந்தலோடு வந்து நிற்பவளைக் கண்டு அவன் நடுங்குகிறான். ஆனாலும் அவள் வந்திருக்கும் செய்தியை அரசனிடம் சொல்கிறான், வழி விடுகிறான். அவன் மறித்திருந்தால் அந்தக் காதையே இல்லை.

2021 பிப்ரவரியில் பரனூர் சுங்கச்சாவடியில் நின்றவர்கள் மறித்தார்கள். சிறப்பு டிஜிபி ராஜேஷ் தாஸ் தன்னிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகப் புகார் கொடுக்கச் சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஒரு பெண் எஸ்.பி. அவருடைய காரை நிறுத்தியவர் அப்போதைய செங்கல்பட்டு எஸ்.பி. சட்டம் படித்த, சீருடை அணிந்த, சொந்த ஓட்டுநர் உள்ள பெண்ணுக்கே இந்த நிலை.

2023 ஜூன் 16 அன்று விழுப்புரம் தலைமைக் குற்றவியல் நடுவர் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டு சிறை விதித்தது. மறுஆண்டு பிப்ரவரியில் அவருடைய மேல்முறையீட்டை அமர்வு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மாணவிகள் வாழ்த்துச் செய்தி அனுப்பினார்கள். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் தீர்ப்பின் இன்னொரு வரியை யாரும் பேசவில்லை. வழிமறித்த அதிகாரிக்கு அபராதம் 500 ரூபாய்.

நடுவரை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒருவரை முறையின்றித் தடுத்து நிறுத்தினால் ஒரு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்பது 1860-இல் எழுதிய சட்டம். புதிய நியாய சன்ஹிதாவில் அது 5,000 ஆகியிருக்கிறது. ஆனால் தடுக்கப்பட்டது கார் மட்டுமா? ஒரு புகார் தடுக்கப்பட்டது. அதற்கு இந்தப் பிரிவில் தனி விலை இல்லை.

ஊழல் என்றால் நம் செய்தித்தாள்களில் பணம். அச்சொல்லின் பழைய பொருள் அழுகுதல். பணம் கைமாறாமலும் அழுகலாம். ஒரு தொலைபேசி அழைப்பு போதும்.

இதே விழுப்புரத்துக்கு இன்னொரு பெண்ணும் நீதி தேடி வந்தார். 1993-இல் அத்தியூரில் ஓர் இருளர் இளம்பெண், புதுச்சேரிக் காவலர்கள் தன்னைக் கூட்டு வன்புணர்வு செய்ததாகச் சொன்னார். காரும் இல்லை, பதவியும் இல்லை. அவரைச் சுங்கச்சாவடியில் மறிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. எந்த வாயிலுக்குப் போனாலும் அங்கே நிற்பது அதே காக்கிதான். திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் தோழர்களும் அவர் பக்கம் நின்றார்கள். பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் அந்தப் போராட்டத்திலிருந்து பிறந்தது.

விழுப்புரம் நீதிமன்றம் காவலர்களைக் குற்றவாளிகள் என்றது 2006-இல். பதின்மூன்று ஆண்டுகள். அதன்பின் உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்புக்கு யாரும் எனக்குச் செய்தி அனுப்பவில்லை. நானும் யாருக்கும் அனுப்பவில்லை.