எலியின் நாவும் தாயின் பழியும்

எலி தன் குட்டியை நக்குகிறது. ஆய்வுக் கட்டுரையில் அது ‘நக்குதல்’. நாளிதழின் இணைப்பில் ‘தாயின் அரவணைப்பு’. குழந்தை வளர்ப்புப் புத்தகத்துக்கு வரும்போது ‘தாயன்பு’. மூன்று சொற்களைத் தாண்டுவதற்குள் எலி பெண்ணாகிவிடுகிறது.

கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மீனியின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் பேச்சுக்கு முக்கிய ஆதாரம். பிறந்த முதல் வாரத்தில் அதிகம் நக்கப்பட்ட குட்டிகள் வளர்ந்தபின் மன அழுத்தத்தை எளிதில் தாங்கின. மூளையின் ஹிப்போகேம்பஸ் பகுதியில், ஒரு மரபணுவின்மேல் படியும் வேதிக்குறிகளும் வேறுபட்டிருந்தன. குறைவாக நக்கும் தாயின் குட்டியை அதிகம் நக்கும் தாயிடம் வளர்த்தால், அந்தக் குட்டியிடமும் அதே மாற்றம் தெரிந்தது. மதிக்கத்தக்க ஆய்வு. ‘தாயைப் போல பிள்ளை’ என்ற பழமொழிக்கு அறிவியல் முத்திரை கிடைத்துவிட்டதாக அதை வாசிப்பதில்தான் கோளாறு.

முதலில் காலக்கணக்கு. எலிக்குட்டி முதிராத மூளையோடு பிறக்கிறது. மூளை வளர்ச்சியில் அதன் முதல் வாரம், மனிதக் கரு வயிற்றிலிருக்கும் கடைசி மாதங்களுக்கு ஏறக்குறைய இணை. அந்த நக்குதலுக்கு ஈடாக நம் மடியில் எதைக் காட்டுவது?

அடுத்தது கூண்டு. ஆய்வுக்கூடத்தில் பொதுவாகத் தாய் எலிதான் குட்டிகளை வளர்க்கிறது. தந்தை இல்லாத கூண்டில் எதை அளந்தாலும் அது தாயின் கணக்கில்தான் ஏறும். வட அமெரிக்கப் புல்வெளிகளில் வாழும் பிரெய்ரி வோல் என்ற கொறித்துண்ணியில் தந்தையும் குட்டிகளை நக்கிக் கதகதப்பாகக் காக்கிறது. அதைக் காட்டி நம் வீட்டு ஆண்களுக்கு யாரும் அறிவுரை எழுதி நான் வாசித்ததில்லை.

மூன்றாவது, எலிகள் சொல்லும் மீதிக் கதை. கர்ப்பகாலத்தில் நெருக்கடிக்கு ஆளானபோது, நன்றாக நக்கும் தாய்களும் குறைவாகவே நக்கின. கூடு கட்டத் தரும் பொருளைக் குறைத்தபோது தாயின் கவனிப்பு துண்டுதுண்டானது. அதே தாய்தான், கூடுதான் மாறியது. தாய்மார்மேல் பழி போடாதீர்கள் என்று சாரா ரிச்சர்ட்சனும் சக ஆய்வாளர்களும் 2014இல் ‘நேச்சர்’ இதழில் எழுதவே வேண்டியிருந்தது.

எலி ஆய்வுகளை ஒதுக்கச் சொல்லவில்லை. உடலின் வழிமுறைகளை அறிய அவை உதவும். யார் எப்படி வாழ வேண்டும் என்று தீர்ப்பு எழுத உதவா. எலியிடம் பாடம் கேட்பதென்றால் முழுப் பாடத்தையும் கேட்போம். பேறுகால விடுப்பு, கூலி, கைமாற்ற ஓர் ஆள் எல்லாம் அதில் வரும். பிள்ளை பெற்றவளிடம் குழந்தையின் மூளையைப் பற்றிப் பேசுமுன், நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினாள் என்று கேளுங்கள்.