கடல் தாண்டி வந்த ஆறெட்டு

காசிமேட்டுக் கல்யாண மேடையோ எண்ணூர்ப் பக்கத்துக் கோயில் திருவிழாவோ, ‘சுராங்கனி’ எடுத்தால் கூட்டம் எழுந்துவிடும். சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குச் சரக்கெடுக்க வரும் லாரிக்காரருக்கும் அந்தப் பல்லவி மனப்பாடம். சிங்களம் அறியாத நம் வாயில் அதைப் பழக்கியவர் ஏ. இ. மனோகரன். இலங்கையிலிருந்து வந்து, சென்னையில் வாழ்ந்து, 2018-இல் இங்கேயே மறைந்த நம் சிலோன் மனோகர்.

‘சுராங்கனி’ ஒரு பைலாப் பாட்டு. போர்த்துக்கீசியரும் அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரும் இலங்கைக் கரையில் விட்டுச்சென்ற ஆட்டத்திலிருந்து வளர்ந்தது பைலா. அதன் ஓட்டம் 6/8. டப்பாங்குத்தும் அதே கணக்குத்தான். அதனால்தான் வடசென்னைக் கால்களுக்கு இது அந்நியமாகப் படவில்லை. ஆனால் கனம் வேறு. குத்தில் தோல் முன்னே நின்று ஆளைத் தள்ளும். பைலாவில் கிடார் வருடிக்கொண்டே போக, இடுப்பு தானாக அசையும்.

மனோகரின் அருமை அந்த அசைவைக் குரலில் வைத்திருந்தது. பல்லவியில் மீனுக்கான சொல்லை மும்முறை அடுக்கும் இடத்தைக் கேளுங்கள். கமகம் இல்லை, இழுப்பு இல்லை. ஏலத்தில் கூவுகிறவரைப் போலத் திறந்த தொண்டை. ஒவ்வொரு அடுக்குக்குப் பின்னும் கூட்டம் புகுந்து பாட இடம் விடுகிறார். பாட்டைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத பாடகர்கள் குறைவு.

அவர் தனியாக முளைத்தவர் அல்லர். யாழ்ப்பாணத் தமிழின் பேச்சுவாடை மாறாமல் ‘சின்ன மாமியே’வை எழுதி, மெட்டமைத்துப் பாடிய நித்தி கனகரத்தினமும் அதே அலையில் வந்தவர். வானொலியும் இசைத்தட்டும் இவர்களைப் பாக் நீரிணைக்கு இப்பால் கொண்டுவந்தன. 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக ‘சுராங்கனி’யை இளையராஜா எடுத்துக்கொள்ள, மலேசியா வாசுதேவன் பாடினார். கரையோர மேடைப் பாட்டு தமிழ்நாடு முழுவதற்குமான பாட்டானது.

மனோகர் நடிக்கவும் செய்தார். செங்கை ஆழியானின் நாவலிலிருந்து 1978-இல் வந்த இலங்கைப் படமான ‘வாடைக்காற்றி’ல் நடித்தார், தமிழ்நாட்டுத் திரையில் பெரும்பாலும் வில்லன். அந்த அடியாள் முகத்தை வைத்தே அவரை நினைப்பது அநியாயம். எழுத்தும் படிப்பும் கேட்காமல், மொழியின் வேலியையும் தாண்டி, உழைத்துக் களைத்தவர்களை ஆடவைக்கும் பாட்டைப் பாடுவது லேசான காரியமல்ல. தமிழ்ப் பாடகர்களின் முதல் வரிசையில் அவருக்கும் ஓர் இடம் உண்டு.