கூரையிலிருந்து இருபது கிலோ: பழைய எம்3-இல் சன்ரூஃபைக் கழற்றிப் பார்த்தோம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு எடைப் பைத்தியம் பிடிப்பது சகஜம். முதலில் ஸ்டெப்னி போகும், அப்புறம் பின் சீட், அப்புறம் ஸ்பீக்கர்கள். கழற்ற வேறொன்றும் இல்லாதபோது கண் மேலே போகும். அங்கே சன்ரூஃப் இருக்கும்.

நாங்கள் கை வைத்த கார் 1995-ஆம் ஆண்டின் பி.எம்.டபிள்யூ எம்3. ஈ36 தலைமுறை, அமெரிக்காவுக்கென்று வந்த மாடல், 3 லிட்டர், ஆறு சிலிண்டர், 240 குதிரைத்திறன். எடை ஏறத்தாழ 1,440 கிலோ. நியூ ஜெர்சியில் இருக்கும் நண்பருடையது. டிராக் நாட்களுக்கு மட்டுமே வெளியே வருகிறது. அதே ஆண்டு பி.எம்.டபிள்யூவே இந்தக் காரில் ‘லைட்வெயிட்’ என்று ஒரு வகையை அமெரிக்காவில் விற்றது. அதில் ஏ.சி. இல்லை, ரேடியோ இல்லை, சன்ரூஃப் இல்லை, கதவுகள் அலுமினியம். சாதாரண எம்3-ஐ விட சுமார் 100 கிலோ குறைவு. இன்றைக்கு அதன் விலையைக் கேட்டால் மயக்கம் வரும். சாதாரண காரை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் கொஞ்சமாவது நகரலாமே என்பதுதான் ஆசை.

சன்ரூஃப் என்றால் பலரும் மேலே தெரியும் அந்தச் சதுரத்தை மட்டும் நினைக்கிறார்கள். அது சின்ன விஷயம். ஈ36-இல் அது கண்ணாடிகூடக் கிடையாது, காரின் நிறத்திலேயே பெயின்ட் அடித்த தகடு. பாரமெல்லாம் அதற்கு அடியில் ஒளிந்திருக்கிறது. கேசட் என்று மெக்கானிக்குகள் சொல்லும் பெரிய சட்டகம், அதில் ஓடும் தண்டவாளங்கள், இழுக்கும் கேபிள்கள், முன்கண்ணாடிக்கு மேலே மோட்டார், நாலு மூலையிலிருந்தும் இறங்கும் வடிகால் குழாய்கள். இதை எடுக்க வேண்டுமென்றால் உள்கூரைத் துணி ஒட்டிய ஹெட்லைனர் முழுவதும் கீழே வர வேண்டும். அதற்கு முன்னால் தூண்களின் உறைகள், கைப்பிடிகள், சன் வைசர், விளக்கு. முப்பது வயதான பிளாஸ்டிக் கிளிப்புகள் தொட்டாலே உடைகின்றன. புது கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

கேசட் ஸ்குருக்களில்தான் நிற்கிறது, வெல்டிங் இல்லை. பழைய கார்கள் எல்லாவற்றிலும் இந்த வசதி கிடையாது. சிலவற்றில் சட்டகம் கூரையோடு சேர்ந்தே இருக்கும், வெட்டித்தான் எடுக்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே விசாரிப்பது நல்லது. கடைசி ஸ்குருவைத் திருகும்போது ஒருவர் உள்ளே உட்கார்ந்து கேசட்டைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தனியாளாகச் செய்யும் வேலை இல்லை இது.

கழற்றியதையெல்லாம் தராசில் ஏற்றினோம். தகடு, கேசட், மோட்டார், உள்மூடி எல்லாம் சேர்ந்து இருபது கிலோவை ஒட்டி நின்றது. அதற்குப் பதிலாக வைத்த கார்பன் ஃபைபர் பேனலும் ஒட்டும் பசையும் இரண்டு கிலோவுக்குள். ஆக நிகர லாபம் 18 கிலோ என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கேட்டுத் துள்ளுகிறவர்கள் கொஞ்சம் பொறுக்கவும். 1,440-இல் 18 என்பது நூற்றுக்கு ஒன்றே கால். நேர்ச்சாலை வேகத்துக்கு இது மூன்று குதிரைத்திறன் கூடியதற்குச் சமம். ஓட்டுபவருக்கு அது தெரியவே தெரியாது. இந்தக் காரின் டேங்க் நிரம்பினால் பெட்ரோல் மட்டும் 45 கிலோவுக்கு மேல். அரை டேங்கோடு டிராக்குக்குப் போனால் சன்ரூஃபைக் கழற்றியதை விட அதிக எடை குறைந்துவிடும், செலவில்லாமல்.

பின் ஏன் இந்தப் பாடு? எடை எவ்வளவு என்பதை விட எங்கே இருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். தலையில் குடம் சுமந்து நடப்பவர் வளைவில் திரும்புவதும் அதே குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்புவதும் ஒன்றல்ல. கணக்காகப் பார்த்தால், சன்ரூஃப் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காரின் ஈர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இடைவெளி 80 செ.மீ. அங்கிருந்து 18 கிலோ போனால் ஈர்ப்பு மையம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் இறங்குகிறது. இதே 18 கிலோவை டிக்கியின் தரையில் கிடக்கும் ஸ்டெப்னியைத் தூக்கிக் குறைத்தால் ஈர்ப்பு மையம் இறங்காது, மாறாக ஒரு துளி ஏறவே செய்யும். 2003-இல் எம்3 சி.எஸ்.எல். காருக்கு பி.எம்.டபிள்யூ கார்பன் ஃபைபர் கூரை போட்டதும், போர்ஷே 991 தலைமுறை ஜி.டி.3 ஆர்.எஸ். காருக்கு மெக்னீசியம் கூரை போட்டதும் இந்தக் கணக்கால்தான். மிச்சமானது சில கிலோதான், ஆனால் காரின் உச்சியில் மிச்சமானது.

கனெக்டிகட்டில் இருக்கும் லைம் ராக் பார்க்கில் ஓட்டிப் பார்த்தேன். இரண்டரை கிலோமீட்டருக்கும் குறைவான சிறிய டிராக், வளைவுகள் பெரும்பாலும் வலப்பக்கம். இடமும் வலமும் மாறி வரும் இடத்தில் கார் சாய்ந்து மறுபக்கம் விழுவது சற்றுச் சீக்கிரம் அடங்குகிறது என்று நண்பர் சத்தியம் செய்கிறார். எனக்கு அப்படித் தோன்றியதும் உண்டு, தோன்றாததும் உண்டு. டயர் காற்றழுத்தத்தைக் கொஞ்சம் மாற்றினால் இதை விடத் தெளிவாகத் தெரியும். லேப் நேரம் குறைந்ததா என்று கேட்டால், இதனால்தான் குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

சந்தேகமில்லாமல் தெரிந்தது வேறொன்று. தலைக்கு இடம். கேசட் தின்ற உயரம் சில சென்டிமீட்டர்கள்தான். ஹெல்மெட் போட்டவுடன் அதன் அருமை புரிகிறது. முன்பு கூரையில் இடிக்காமலிருக்க சீட்டைச் சாய்த்து, கழுத்தை முன்னால் நீட்டி ஓட்ட வேண்டியிருந்தது. இப்போது நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஸ்டீயரிங் கைக்குப் பக்கத்தில் வந்தது, வளைவின் உட்புறம் கண்ணுக்குத் தெரிந்தது. உயரமானவர்களுக்கு இந்த ஒரு காரணம் போதும். ஆனால் ஹெட்லைனர் இல்லாத காரில் திறப்பைச் சுற்றியுள்ள தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி நிற்கும். அதன்மேல் கெட்டியான பேடிங் ஒட்டாமல் ஓட்டக் கூடாது.

இனி தண்ணீர். சன்ரூஃபின் ரப்பர் மழையை முழுக்கத் தடுக்கிறது என்று நினைத்தால் தவறு. அது ஓரளவுக்குத்தான் தடுக்கும். உள்ளே கசிவதை கேசட்டின் ஓரத்தில் உள்ள வாய்க்கால் பிடித்து, குழாய்கள் வழியே வெளியே அனுப்பிவிடும். கேசட்டை எடுத்துவிட்டால் அந்த வாய்க்காலும் போய்விடுகிறது. பழைய தகட்டையே நாலு பிராக்கெட் வைத்து இறுக்கிவிட்டால் போதும் என்று செய்பவர்கள் முதல் மழையில் நனைகிறார்கள். ஆகவே புதுப் பேனல் சுற்றிலும் இடைவெளியில்லாமல் ஒட்டப்பட வேண்டும். கார் கண்ணாடி ஒட்டும் யூரித்தேன் பசையே ஏற்றது. ஒட்டும் விளிம்பில் துரு இருந்தால் சுரண்டி, பிரைமர் அடித்த பிறகே பசை. அலுமினியத் தகட்டை ரிவெட் அடித்து முடிப்பது மலிவு. ஆனால் அலுமினியமும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு நிச்சயம், நடுவில் காப்பு வேண்டும். கார்பனும் இரும்பும் சேர்ந்தாலும் அதே தொல்லைதான். வெல்டிங் செய்வது நிரந்தரமானது. ஆனால் மெல்லிய கூரைத் தகடு சூட்டில் அலையலையாக நெளியும். நல்ல கை இல்லாவிட்டால் கூரை முழுவதும் புட்டியும் பெயின்டும் என்று செலவு ஏறும்.

சத்தத்தையும் சொல்லிவிட வேண்டும். ஹெட்லைனர் இல்லாத கூரை தகரக் கொட்டகைபோல அதிர்கிறது. வெயிலில் உள்ளே சூடு இறங்குகிறது. டிராக்கில் இதெல்லாம் பொருட்டில்லை. தினமும் ஆபீஸ் போகும் காரில் ஒரு வாரம் தாங்காது. சன்ரூஃப் இல்லாத காருக்கான ஹெட்லைனரின் வார்ப்பே வேறு. பழையது பொருந்தாது, தேடித்தான் பிடிக்க வேண்டும். போட்டியில் கலந்துகொள்பவர்கள் தங்கள் பிரிவின் விதிகளையும் முதலில் படிக்கட்டும். ஸ்டாக் நிலையில் இருக்க வேண்டிய பிரிவுகளில் இது அனுமதியில்லை. தலையைக் காக்கும் ஏர்பேக் கூரையோரத்தில் உள்ள பிந்தைய தலைமுறைக் கார்களில் ஹெட்லைனரைத் தொடுவதே வேறு வேலை, அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள்.

என் தீர்ப்பு இது. உள்ளே பாதுகாப்புக் கூண்டு (ரோல் கேஜ்) போட்ட, டிராக்குக்கு மட்டுமேயான கார், அதிலும் ஓட்டுபவர் உயரம் என்றால் தாராளமாகக் கழற்றலாம். கழற்றிய பாகங்களை ஒன்றுவிடாமல் பத்திரப்படுத்துங்கள், நாளைக்கு விற்கும்போது கேட்பார்கள். சாலையில் ஓட்டும் கார் என்றால் வடிகால் குழாய்களைச் சுத்தம் செய்துவிட்டு சன்ரூஃபை அப்படியே விட்டுவிடுங்கள். இன்னும் வாங்கவே இல்லையென்றால் சன்ரூஃப் இல்லாத எம்3-ஐத் தேடுங்கள். 1995-இல் அது கூடுதல் காசு கொடுத்து வாங்கும் வசதியாகத்தான் இருந்தது, இல்லாமல் வந்த கார்களும் சந்தையில் இருக்கின்றன. கொஞ்சம் அதிக விலை கொடுத்தாலும் பசை, பெயின்ட், துரு வேலையெல்லாம் மிச்சம்.