காத்திருந்த கருவியும் கைவிட்டது ஏன்?

இரசாயன ஆலைகளிலும் அனல் மின் நிலையங்களிலும் முக்கியமான கட்டுப்பாட்டுக் கருவியை ஒன்றுக்கு இரண்டாக அமைப்பது வழக்கம். ஒன்று வேலை செய்யும். மற்றொன்று தயாராகக் காத்திருக்கும். முதலாவது பழுதடைந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இரண்டாவது பொறுப்பேற்கும். ஆகவே அபாயமில்லை என்று எளிய விளக்கங்கள் இத்துடன் முடிந்துவிடுகின்றன. இது பாதி உண்மையே. மறு பாதியை அறிய விரும்புவோர், ஏரியன்-5 ராக்கெட்டின் முதல் பயணத்தைப் பற்றிய விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படிக்க வேண்டும். பிரெஞ்சுக் கணித அறிஞர் ஜாக்-லூயி லியோன்ஸ் தலைமையில் 1996 ஜூலையில் வெளியான அறிக்கை அது.

1996 ஜூன் 4 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு தளத்திலிருந்து ராக்கெட் புறப்பட்டது. நிலையையும் திசையையும் கணித்துத் தரும் கருவிகள் இரண்டு அதில் இருந்தன. இரண்டின் உறுப்புகளும் ஒன்றே, நிரலும் ஒன்றே. புறப்பட்டுச் சுமார் 30 நொடிகள் ஆனபோது, முதலில் செயலிழந்தது காத்திருந்த கருவிதான்! ஏறத்தாழ 0.05 நொடி கழித்து, பணியிலிருந்த கருவியும் அதே காரணத்தால் நின்றது. தலைமைக் கணிப்பொறி மாற்றுக் கருவியை நாடியது. அது முன்னரே ஓய்ந்துவிட்டிருந்தது. நின்றுபோன கருவி அனுப்பிய பழுதுக் குறிப்பையே பறத்தல் பற்றிய தகவல் என்று கொண்டு, தலைமைக் கணிப்பொறி எஞ்சின்களின் பீச்சுக்குழல்களை முழு அளவுக்குத் திருப்பியது. சுமார் 3,700 மீட்டர் உயரத்தில் ராக்கெட் சிதறியது. அதிலிருந்த நான்கு கிளஸ்டர் ஆய்வுக் கோள்களும் அழிந்தன.

இந்நிகழ்ச்சியை எழுதியவர்களுள் பலர், பெரிய எண் ஒன்று சிறிய இடத்தில் அடங்கவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது உண்மைதான். 16 பிட் இடத்தில் 32,767க்கு மேற்பட்ட எண் அடங்காது. ஏரியன்-4க்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்தாண்டனர். புதிய ராக்கெட்டின் கிடைத்திசை வேகமோ ஐந்து மடங்கு விரைவாகப் பெருகியது. எண் மிஞ்சிவிட்டது. அக்கணக்கு, புறப்பட்ட பிறகு ஏரியன்-5க்குத் தேவையே இல்லாதது என்பதுதான் வேதனை.

ஆயினும் அறிக்கையின் சிறப்பு இதற்கு அப்பால் உள்ளது. எண் மிஞ்சியதும் கருவி தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது ஏன் என்று அது கேட்கிறது. பிழை என்றால் அது உறுப்பு ஒன்றில் தற்செயலாக ஏற்படும் பழுது என்றே வடிவமைப்பாளர்கள் கருதினார்கள். பழுதான கருவி ஒதுங்கிக்கொண்டால் நல்ல கருவி வந்து காக்கும் அல்லவா? உறுப்புத் தேய்வுக்கு இது சரியான ஏற்பாடு. இரண்டு கருவிகளிலும் ஒரே தவறான நிரல் இருக்கும்போது, இரண்டும் ஒரே நேரத்தில் ஒதுங்கிக்கொள்ளும்.

கருவி நிற்காமல், தன்னால் இயன்ற மதிப்பீட்டையேனும் தந்திருக்கலாம் என்று குழு கூறுகிறது. ராக்கெட்டுக்கு இது பொருந்தும். நடுவானில் அதை நிறுத்தி வைக்க முடியாது. ஆனால் இதை எங்கும் பொருந்தும் விதியாகக் கொள்ளக் கூடாது. கொதிகலனில் ஐயம் எழுந்தால் எரிபொருள் வால்வை மூடிவிடுவதே பாதுகாப்பு. அங்கே உத்தேசக் கணக்கில் ஓட்டுவது ஆபத்து.

ஆலைகளின் இரட்டைக் கருவிகளில் இன்னொரு நுட்பம் உண்டு. மாற்றம் நிகழும்போது வால்வுகள் குலுங்காதிருக்க, பணியிலுள்ள கருவி தன் மதிப்புகளை ஒவ்வொரு சுற்றிலும் காத்திருக்கும் கருவிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் தவறான மதிப்பும் இதே வழியாக அடுத்த கருவிக்குப் போய்ச் சேரும். இணைப்புக் கம்பி அறுந்தாலோ, மற்றது இறந்துவிட்டது என்று எண்ணி இரண்டும் ஆளத் தொடங்கலாம். அதைத் தடுக்கத் தனி ஏற்பாடு தேவை.

அவ்வாறாயின் இரண்டாவது நிரலை வேறு குழுவினர் எழுதலாமே என வாசகர் கேட்கலாம். அமெரிக்க விண்வெளி ஓடத்தில் அப்படித்தான் செய்தார்கள். நான்கு கணிப்பொறிகளில் ஒரே நிரல். ஐந்தாவதில் வேறு நிறுவனம் எழுதிய நிரல். அதற்குப் பொறுப்பை மாற்ற, விமானி கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். 1981 ஏப்ரல் 10 அன்று நிகழவிருந்த முதல் பயணமே நின்றுபோயிற்று. ஐந்தாவது கணிப்பொறி மற்ற நான்கின் காலக் கணக்கோடு ஒத்துவரவில்லை. இரண்டு நாள் கழித்தே ஓடம் கிளம்பியது. 2011இல் ஓய்வு பெறும் வரை, பறக்கும்போது ஒருமுறைகூட ஐந்தாவதிடம் பொறுப்பு ஒப்படைக்கப்படவில்லை.