துத்தநாகத்துக்கு மாறுவது சரியா?

வில்சன் நோய்க்கு மருந்து ஆயுள் முழுதும் வேண்டும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான ஏடிபி7பி மரபணு வந்து சேர்ந்த பிள்ளைக்கு, சாப்பாட்டிலுள்ள செம்பைப் பித்தத்தின் வழியே வெளியேற்றக் கல்லீரலால் முடியாது. செம்பு முதலில் கல்லீரலில் தேங்கும். பிறகு மூளைக்கும் ஏறும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே சம்பந்தம் செய்துகொள்ளும் நம் பக்கத்தில் இதுபோன்ற நோய்களுக்கு வாய்ப்பு கூடுதல்.

செம்பைப் பற்றிச் சிறுநீரில் இறக்கிவிடும் பெனிசிலமினை 1956-இல் இங்கிலாந்து மருத்துவர் ஜான் வால்ஷ் அறிமுகப்படுத்தினார். வருடக்கணக்கில் அதை வாங்கிக் கட்டுப்படியாகாத குடும்பங்களுக்காக நம் நாட்டில் ஒரு நடைமுறை உருவானது: முதலில் பெனிசிலமின் கொடுத்து உடம்பைத் தேற்றுவது, பிறகு துத்தநாகத்துக்கு மாற்றுவது. பணமில்லாமல் அப்படி மாறியவர்களைப் பின்தொடர்ந்த வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் 2018-இல் ஆய்வு வெளியிட்டார்கள். கல்லீரல் பாதிப்போடு வந்தவர்களுக்கு இது பாதுகாப்பான, பலன் தரும் வழியாக அமையலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. பீடி சுற்றும் கூலியை நம்பி வீடுகள் நடக்கும் ஆலங்குளத்துக்கு இந்த வழி எவ்வளவு தூரம் பொருந்தும்?

பலம் இரண்டு. முதலாவது, விலை. இரண்டாவது, பக்கவிளைவு. பெனிசிலமின் சிலருக்குச் சிறுநீரில் புரதத்தை இறக்கும், ரத்த அணுக்களைக் குறைக்கும். கை நடுக்கத்தோடு வந்தவர்களில் சிலருக்குத் தொடக்கத்தில் நடுக்கத்தைக் கூட்டியும் விடும். துத்தநாகம் பெரும்பாலும் குமட்டல், வயிற்று எரிச்சலோடு நிற்கும். அது வேலை செய்யும் இடமே வேறு: குடல் செல்களில் ஒரு புரதத்தை உருவாக்கவைத்துச் செம்பை அங்கேயே பிடித்து மலத்தோடு அனுப்பும்.

குறைகளும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. துத்தநாகம் மெதுவாகத்தான் பிடிக்கும். கல்லீரல் மோசமாக இருக்கும்போது அதை மட்டும் நம்பினால் ஆபத்து. அவசரப்பட்டு மாறுவதும் அப்படியே.

அடுத்தது அளவு. பெரியவருக்கு ஒரு வேளைக்கு 50 மில்லிகிராம் துத்தநாகம், நாளுக்கு மூன்று வேளை. மருந்துக் கடையில் ‘ஜிங்க் மாத்திரை’ என்று மட்டும் கேட்டால், குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குத் தரும் 20 மில்லிகிராம் அட்டை கைக்கு வரக்கூடும். துத்தநாக சல்பேட் 220 மில்லிகிராம் என்று எழுதியிருந்தால், அதில் துத்தநாகம் ஏறக்குறைய 50 மில்லிகிராம்தான். சீட்டில் இருப்பது உப்பின் எடையா, துத்தநாகத்தின் எடையா என்று தெரியாமல் வாங்கினால் மாதக்கணக்கில் குறைவாகவே உள்ளே போகும்.

நேரமும் முக்கியம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ வெறும் வயிற்றில் போடவேண்டிய மருந்துகள் பெனிசிலமினும் துத்தநாகமும். மாறும் கட்டத்தில் இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் ஒன்றை ஒன்று முடக்கிவிடும். பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையும் பெனிசிலமினும் சேர்ந்தாலும் அதே கதி. செம்புக் குடத்துத் தண்ணீர், ஆட்டு ஈரல் ஆகாது. மஞ்சள் காமாலைக்கு நாட்டு மருந்து தேடினால், தாமிர பற்பம் செம்பிலிருந்து செய்வது என்பது நினைவிருக்கட்டும்.

எல்லாவற்றிலும் பெரிய குறை, கண்காணிப்பு விட்டுப்போவது. ஒரு நாள் முழுவதும் பிடித்த சிறுநீரில் செம்பையும் துத்தநாகத்தையும் அளந்து பார்க்கவேண்டும். துத்தநாகம் 2 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மாத்திரை ஒழுங்காக உள்ளே போகவில்லை என்று பொருள். பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான் என்று மருந்தை நிறுத்திய வீடுகளில் கல்லீரல் திடீரெனச் செயலிழக்கும் அபாயம் உண்டு. கர்ப்பிணியும் தானாக நிறுத்தக் கூடாது. தேவைப்பட்டால் அளவை மருத்துவர் மாற்றித் தருவார்.

ஆகவே, கல்லீரல் தேறியவர் மருத்துவர் சொல்லி மாறினால் அது நல்ல வழிதான். பரிசோதனை இல்லாமல் மாறுவது, சிகிச்சையைக் கைவிடுவதற்குச் சமம். அரசு செய்யக்கூடியது ஒன்று உண்டு. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அந்தப் பையில் வில்சன் நோய்க்கான மாத்திரையும் இடம்பெறட்டும். சிறுநீர்ச் செம்புப் பரிசோதனை திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரியில் காசில்லாமல் கிடைக்கட்டும். நோய் உறுதியான வீட்டில், உடன்பிறந்தவர்களுக்கும் தாமதிக்காமல் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது.