உருவகமா, உள்ளுறையா, குறியீடா? ‘ரப்பர்’ நாவலை முன்வைத்து

களியக்காவிளையை உள்ளடக்கிய விளவங்கோட்டு வட்டாரத்தில் ரப்பர் முதன்மையான பணப்பயிர். ஜெயமோகனின் ‘ரப்பர்’ (1990) நாவலுக்கு அதுவே தலைப்பாயிற்று. இத்தலைப்பை உருவகம் என்று சுட்டுவது எளிது. ஆயின் அது பொருந்துமா என்பது ஆய்வுக்குரியது.

உவமைக்கும் பொருளுக்கும் உள்ள வேற்றுமையை நீக்கி இரண்டையும் ஒன்றாக்குவது உருவகம் என்பது தண்டியலங்காரம் காட்டும் இலக்கணம். இந்நாவலில் ரப்பர் வேறொன்றாக ஆக்கப்படவில்லை. காடழித்து நடப்படும் மரமாகவும், பெருவட்டர் குடும்பத்துச் செல்வத்தின் மூலமாகவும் அது கதைக்குள் நிற்கிறது. மரத்துக்கும் குடும்பத்தின் சரிவுக்கும் இடையே உள்ளது ஒப்புமை மட்டுமன்று. காரண காரியத் தொடர்பும் ஆகும்.

எனில், உள்ளுறை எனலாமா? தொல்காப்பியம் தெய்வம் ஒழிந்த கருப்பொருளையே உள்ளுறைக்கு நிலைக்களனாக்குகிறது. கருப்பொருள் திணைக்கு உரியது. ரப்பரோ அமேசான் பகுதியைத் தாயகமாகக் கொண்டு, காலனி ஆட்சிக் காலத்தில் இங்கு வந்த மரம். நிலத்துக்கு அயலானது என்பதே நாவலில் அது பெறும் பொருளுக்கு அடிப்படை. ஆகவே, உள்ளுறையின் இலக்கணமும் இதற்கு முழுமையாகப் பொருந்தவில்லை.

கதைக்குள் பருப்பொருளாகவே நின்று, தன்னைக் கடந்த பொருளையும் உணர்த்துவது குறியீடு. மேலைத் திறனாய்வின் வழியே தமிழில் நிலைபெற்ற இக்கலைச்சொல்லே இங்கு ஏற்புடையது.

இவ்வேறுபாடு வெறும் பெயராய்வு அன்று. உருவகம் என்று கொண்டால் மரம் அணியாகச் சுருங்கும். அதற்காக அழிக்கப்பட்ட காடு வாசிப்பிலிருந்து மறைந்துவிடும்.